நஞ்சைத் திருடும் நத்தை

வணக்கம் நேயர்களே. கோடையில் காற்று சில நாள் விடாமல் கரையைப் பார்த்து அடித்தால் டர்பன் கடற்கரைக்கு ப்ளூபாட்டில் வந்துவிடும், நீலப் பை போல மிதந்து வந்து கொட்டும் கடல் உயிர். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிச் சட்டியோடு குடும்பமாகக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தடவை அந்த நீலப் பைகளுக்கு நடுவே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கருநீலமும் வெள்ளியுமாக, அதிகம் போனால் மூன்று சென்டிமீட்டருக்கு, ஒன்று சுருண்டு கிடக்கலாம். அதுதான் ப்ளூ டிராகன். ஓடில்லாத கடல் நத்தை. க்ளாக்கஸ் அட்லான்டிகஸ் என்ற அறிவியல் பெயர் 1777-இலேயே வந்துவிட்டது. கேப்டன் குக்கோடு கப்பலில் போன ஜார்ஜ் ஃபார்ஸ்டர் வைத்தது.

கடல் நத்தைகளில் பெரும்பாலானவை பாறையிலும் பவளத்திலும் ஊர்பவை. இதற்கு நடுக்கடல்தான் வீடு. காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, மல்லாந்து மிதக்கும். மேலே தெரிகிற நீலம் அதன் வயிற்றுப் பக்கம். பறவை பார்த்தால் கடல் நிறம். முதுகு வெள்ளி நிறம். கீழேயிருந்து மீன் அண்ணாந்து பார்த்தால் வெளிச்சத்தோடு கலந்துவிடும்.

சாப்பாடு? அதே ப்ளூபாட்டில்தான். நம்மைத் துடிக்க வைக்கும் அந்தக் கொட்டும் செல்கள் இதை ஒன்றும் செய்வதில்லை. வெடிக்காத செல்களைச் செரிக்காமல் கடத்தி, விரல் விரலாக நீண்டிருக்கும் உறுப்புகளின் நுனியில் சேர்த்து வைக்கிறது. அத்தனையும் திருட்டுச் சரக்கு! ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் ப்ளூபாட்டிலைவிடக் கடுமையாகவும் கொட்டலாம். இதை உள்ளங்கையில் வைத்து வீடியோ எடுக்கிறார்களே, அவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

அகுல்யாஸ் நீரோட்டம் நம் கரையை ஒட்டித் தென்மேற்கே வெதுவெதுப்பான நீரைக் கொண்டுபோகிறது. அதில் மிதப்பவற்றைக் காற்று இந்தப் பக்கம் தள்ளினால் உம்லாங்கா, அமன்சிம்டோட்டி மணலில் ஒதுங்கும். எதிர்நீச்சல் போட இதனால் முடியாது.

சரி, பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டால்? கையால் தொடாமல் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, கடல்நீர் உள்ள வாளியில் விடுங்கள். உயிர் இருந்தால் விரல்களை விரிக்கும். செத்துக் காய்ந்ததுகூடக் கொட்டும், மறக்க வேண்டாம். கொட்டிவிட்டால் கடல்நீரில் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வையுங்கள். மூச்சுத் திணறினால் லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள், உடனே.