ஆளி விதையைச் சாப்பிடலாமா, வாய்க்கால் கரையில் விதைக்கலாமா?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். "ஐயா, ஆளி விதை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்கிறார்கள். அதே செடி கெட்ட மண்ணையும் சுத்தம் செய்யும் என்று வேறொரு வீடியோவில் பார்த்தேன். குடமுருட்டி வாய்க்கால் கரையில் விதைத்து, கீரையாகவும் பறித்துக்கொள்ளலாமா?"

அம்மா, முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த ஆளி விதை? நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பெயரில் இரண்டு விதை கிடைக்கும். தட்டையாக, பளபளப்பாக இருந்தால் அது ஃப்ளாக்ஸ். நீங்கள் கேட்பது இன்னொன்று: அதைவிடச் சின்னது, நீளவாக்கில் செம்பழுப்பாக இருக்கும். வடக்கே அலிவ், ஹலீம் என்பார்கள். தாவரவியல் பெயர் லெப்பிடியம் சடைவம். தண்ணீரில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுமே வழவழவென்று கொழகொழத்துவிடும். நாலு விதையை வாயில் போட்டு மெல்லுங்கள். கடுகு மாதிரி சுள்ளென்று ஏறினால் இதுதான். கடுகுக் குடும்பத்துச் செடி, அந்தக் காரமும் கடுகுக்கு உறவான கந்தகச் சேர்மத்திலிருந்து வருவதுதான்.

சரி, ரத்தம் ஊறுமா? தேசிய உணவூட்ட நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் விதைக்கு 100 மில்லிகிராம் இரும்பு என்று இருந்தது. இன்றுவரை எல்லாரும் பகிர்வது அந்த எண்ணைத்தான். அதே நிறுவனம் 2017இல் போட்ட புதிய அட்டவணையில் அளவு வெகுவாக இறங்கிவிட்டது. இறங்கியும் நல்ல அளவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாம் 100 கிராமா தின்கிறோம்? ஒரு தேக்கரண்டிதான். அதிலும் விதையில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். ரத்தசோகை என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால், இதை நம்பி அதை நிறுத்தாதீர்கள்.

மருந்து ஆராய்ச்சிகளும் உண்டு. 2006இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், ஆஸ்துமா உள்ள 30 பேருக்கு விதைத்தூளை வேளைக்கு 1 கிராம், தினம் மூன்று வேளை, 4 வாரம் கொடுத்தார்கள். மூச்சுத் திறன் முன்பைவிடத் தேறியது. முப்பது பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியில் பாதி வரிசைகூட இல்லை. எலும்பு முறிவு சீக்கிரம் கூடியது என்பது முயலில் பார்த்தது, சர்க்கரை குறைந்தது என்பது பெரும்பாலும் எலியில் பார்த்தது. நல்ல அறிகுறிகள், அவ்வளவுதான். கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம், கருப்பையைச் சுருங்கவைக்கும் என்ற எச்சரிக்கை வெகுகாலமாகவே உண்டு. தைராய்டு, சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இப்போது வாய்க்கால் கரை. இந்தச் செடி மண்ணிலிருந்து காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சும் என்பது தொட்டியில் வளர்த்துப் பார்த்த ஆய்வுகளில் தெரிந்ததுதான். உறிஞ்சி எங்கே வைக்கும்? வேரிலும் இலையிலும்தானே! அந்த இலையைப் பறித்துக் கூட்டு வைத்தால், மண்ணில் கிடந்த விஷம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். சுத்தம் செய்யும் செடி ஒன்று, சாப்பிடும் செடி இன்னொன்று. இரண்டையும் ஒரே பாத்தியில் வைக்கக் கூடாது, ஆட்டுக்கும் போடக் கூடாது. தவிர, இது முழங்கால் உயரத்துக் குளிர்காலப் பயிர், நம் சேற்றிலும் சித்திரை வெயிலிலும் நிற்காது. ஒரு கரையையே சுத்தம் செய்யும் அளவுக்கு இதற்கு உடம்பும் இல்லை.

ஆனால் அம்மா, இந்த விதை நம் டெல்டாவுக்கு உபயோகப்படும் ஒரு இடம் இருக்கிறது. அதை யாரும் வீடியோ போடுவதில்லை. உரம் மக்கியதா இல்லையா என்று இது சொல்லிவிடும். 1981இல் ஸுக்கோனி என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இந்த விதையை வைத்துத்தான் முளைப்புக் குறியீடு என்ற சோதனையைக் கொண்டுவந்தார்கள். சின்ன விதை, ஒரே நாளில் முளைக்கும், அரைகுறை உரத்தில் இருக்கும் அமோனியா, அமிலம், உப்பு எதையும் தாங்காது. முன்பு மக்கியது என்று சொல்லி விற்ற தேங்காய் நார்த்தூளை நம்பி மாடியில் கத்தரி நட்டேன். பத்து நாளில் எல்லாம் மஞ்சள். இந்தச் சோதனையை அப்போதே செய்திருந்தால் ஒரு மூட்டைக் காசு மிஞ்சியிருக்கும்.

செய்வது இப்படி. ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு வடிகட்டுங்கள். இரண்டு தட்டில் டிஷ்யூ காகிதம் விரித்து, ஒன்றை அந்தச் சாற்றிலும் மற்றதை மழைத்தண்ணீரிலும் நனையுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம், கடலோரம் அதிலேயே உப்பு இருக்கும். தட்டுக்குப் பத்து விதை போட்டு, மூடி, இருட்டில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு முளைத்ததை எண்ணி, வேரை அளந்து பாருங்கள். தண்ணீரில் 10 முளைத்து வேர் சராசரி 30 மில்லிமீட்டர், உரச்சாற்றில் 8 முளைத்து 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முளைப்பு 80 சதவீதம், வேர் 50 சதவீதம். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் 40, இதுதான் முளைப்புக் குறியீடு. ஐம்பதுக்குக் கீழே என்றால் உரம் இன்னும் செடிக்கு விஷம்தான், குழியிலேயே கிளறிவிட்டுக் காத்திருங்கள். எண்பதைத் தாண்டினால் தைரியமாகப் போடலாம். வாய்க்காலில் அள்ளிய ஆகாயத்தாமரையை மக்கவைப்பவர்களும் இதையே செய்யலாம். ஆனால் உரத்தில் உலோகம் எவ்வளவு என்பதை இந்தத் தட்டு சொல்லாது, அதற்கு ஆய்வகம்தான்.

இன்னொன்று, கடையில் பழைய விதையைத் தள்ளிவிடுவார்கள். மழைத்தண்ணீர்த் தட்டிலேயே பத்தில் எட்டுகூட முளைக்கவில்லை என்றால் உரத்தைத் திட்டாதீர்கள், விதையை மாற்றுங்கள்.