சி. டிஃப் எந்தக் குடும்பம்?

[திரையில்: ஒரே கிருமி, இரண்டு பெயர்கள்]

ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சில சமயம் வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பின்னால் இருக்கும் கிருமியை மருத்துவமனைகளில் சுருக்கமாக சி. டிஃப் என்பார்கள். முழுப்பெயரைத் தேடினால் பழைய பாடப்புத்தகம் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்கிறது, புதிய ஆய்வுக் கட்டுரை க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்கிறது. கிருமி ஒன்றுதான். அதற்கு உறவுக்காரர்கள் யார் என்பதில்தான் நம் புரிதல் மாறியிருக்கிறது.

க்ளாஸ்ட்ரிடியம் என்ற பேரினத்துக்கு 1880-ல் ப்ராஸ்மோவ்ஸ்கி பெயர் வைத்தார். அதற்குப் பிறகு ரொம்ப காலம் இதில் இடம்பிடிக்கப் பெரிய தகுதி எதுவும் தேவைப்படவில்லை: கோல் வடிவம், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்ச்சி, உள்ளே ஸ்போர் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்), ஏறக்குறைய அவ்வளவுதான்.

[திரையில்: நுண்ணோக்கிப் படம்]

டெட்டனஸ் கிருமியைப் பாருங்கள். மெல்லிய கோல், ஒரு முனையில் மட்டும் உருண்டையாக ஸ்போர், அச்சு அசல் மேளக் குச்சி. இந்த ஸ்போர்தான் இவற்றின் பலம். ஆக்சிஜன் பட்டால் வளர முடியாத பாக்டீரியா, ஸ்போராக மாறிவிட்டால் காற்றிலும் வறட்சியிலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். ஆல்கஹால் கலந்த சானிடைசராலும் அதைக் கொல்ல முடியாது, அதனால்தான் சி. டிஃப் நோயாளியைத் தொட்டால் சோப்பு போட்டு, தண்ணீர் விட்டுக் கையைக் கழுவச் சொல்கிறார்கள்.

1935-ல் ஹாலும் ஓடூலும் பிறந்த குழந்தைகளின் மலத்திலிருந்து சி. டிஃபைப் பிரித்தெடுத்தபோது அதற்கு பேசில்லஸ் டிஃபிசிலிஸ் என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அது க்ளாஸ்ட்ரிடியத்துக்கு வந்து சேர்ந்தது. கோல், ஸ்போர், ஆக்சிஜன் ஆகாது, எல்லாம் பொருந்தியதால் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் மரபணு வந்தது. எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ என்ற, சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள வரிசையை ஒப்பிட்டு, 1994-ல் காலின்ஸ் குழுவினர் க்ளாஸ்ட்ரிடியத்தையும் அதன் உறவுகளையும் 19 கொத்துகளாகப் பிரித்தார்கள். டெட்டனஸ் கிருமி, உணவில் கொடிய நஞ்சைச் சுரக்கும் போட்டுலினம், புண்ணை அழுகவைக்கும் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் எல்லாம் முதல் கொத்து. உண்மையான க்ளாஸ்ட்ரிடியம் என்றால் இதுதான், குடும்பம் க்ளாஸ்ட்ரிடியேசியே. சி. டிஃப் போய் விழுந்தது 11-வது கொத்தில்.

அங்கே அதற்கு யார் சொந்தம் என்று பார்த்தால் எனக்கு இப்போதும் வியப்புதான்: பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ். உருண்டை வடிவம், ஸ்போரே உருவாக்காது. ஆனாலும் குடும்பத்துக்கு அதன் பெயர்தான், பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கேசியே. கோலும் ஸ்போருமாக இருக்கிற சி. டிஃப் அதில் ஓர் உறுப்பினர். இந்தப் பக்கம் சார்சினா என்ற உருண்டை பாக்டீரியா, எட்டெட்டாகப் பொட்டலம் கட்டியதுபோல் ஒட்டிக்கொண்டிருப்பது, க்ளாஸ்ட்ரிடியேசியேக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஸ்போர் உருவாக்கப் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அவற்றில் சில தொலைந்தாலே அந்தத் திறன் போய்விடும். ஆகவே ஸ்போர் இல்லை என்பதற்காக உறவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சரி, குடும்பம் தெரிந்துவிட்டது, பெயர்? 2013-ல் பெப்டோக்ளாஸ்ட்ரிடியம் என்று ஒரு பேரினப் பெயரை முன்மொழிந்தார்கள். அப்படி மாற்றினால் சி. டிஃப் என்ற சுருக்கமே பி. டிஃப் ஆகிவிடும், பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு, தொற்றுப் பதிவேடு எல்லாவற்றிலும் குழப்பம். 2016-ல் லாசன் குழுவினர் க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் என்று வைத்தார்கள், முதலெழுத்து தப்பித்தது. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

[திரையில்: க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம், 4 கிளைகள்]

ஆனால் போட்டுலினம் விஷயத்தில் பெயர் இன்னும் மரபணுவின் பேச்சைக் கேட்கவில்லை. போட்டுலினம் நஞ்சைச் சுரக்கிறதா என்று பார்த்துத்தான் அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள், ஆனால் மரபணுப்படி அதற்குள் நான்கு தனித்தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. முதல் கூட்டம் அந்த நஞ்சு இல்லாத ஸ்போரோஜீனிஸ் என்ற இன்னொரு சிற்றினத்துக்கு மிக நெருக்கம், மற்ற மூன்றைவிடவும் நெருக்கம். போதாததற்கு ப்யூட்டிரிகம், பராட்டி என்ற வேறு இரண்டு சிற்றினங்களிலும் சில ரகங்கள் அதே நஞ்சைச் சுரக்கின்றன.