பதின்மூன்று வெற்றியும் போதாதா?

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். சனிக்கிழமையானால் மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் ஒரு லட்சம் பேர் மைதானத்தில் திரண்டுவிடுவார்கள். இவ்வளவு பெரிய ஆட்டத்தில், இந்த ஆண்டின் தேசியச் சாம்பியன் யார் என்பதில் மட்டும் காலங்காலமாகத் தகராறு.

காரணம் கணக்கில் இருக்கிறது. உச்சப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள். ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவதோ 12 ஆட்டம். மோதி விழுகிற ஆட்டம், அதற்கு மேல் உடம்பு தாங்காது. ஆகவே பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கீழ்ப் பிரிவுகளுக்கெல்லாம் நாக்-அவுட் நடத்திக் கோப்பை கொடுக்கிறது. இந்த உச்சப் பிரிவுக்கு மட்டும் அது தானாகச் சாம்பியன் பட்டம் கொடுப்பதில்லை.

அந்த இடத்தை வாக்குச்சீட்டு பிடித்துக்கொண்டது. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸுக்காக விளையாட்டு எழுத்தாளர்கள் வாக்களித்தார்கள். 1950 முதல் பயிற்சியாளர்களும் தனியாக வாக்களித்தார்கள். 1973இல் பயிற்சியாளர்கள் அலபாமாவுக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு நடந்த சுகர் பவுலில் (‘பவுல்’ என்பது பருவ முடிவில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம்) அதே அலபாமா 24-23 என்று நோட்ர டேமிடம் தோற்றது! அதற்குப் பிறகுதான், பவுல் ஆட்டங்கள் முடிந்த பின் வாக்களிக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது.

1990ஐயும் சொல்லியாக வேண்டும். பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள், அவற்றை ‘டவுன்’ என்பார்கள். மிசூரி மைதானத்தில் கடைசி விநாடிகளில் நடுவர்கள் எண்ணிக்கையைத் தவறவிட, கொலராடோவுக்கு ஐந்தாவது டவுன் கிடைத்தது. அதில்தான் எல்லைக்கோட்டைத் தொட்டு 33-31 என்று வென்றார்கள். பருவ முடிவில் எழுத்தாளர்கள் கொலராடோவைச் சாம்பியன் என்றார்கள். பயிற்சியாளர்கள் ஜார்ஜியா டெக் என்றார்கள், 847க்கு 846 புள்ளி என்ற கணக்கில். நாடு முழுக்க ஒரு பருவம் ஆடிய ஆட்டத்தின் முடிவு ஒற்றைப் புள்ளியில் தொங்கியது.

1998இல் கணினித் தரவரிசையையும் சேர்த்து, முதல் இரண்டு அணிகளை மோதவிட்டார்கள். 2004இல் ஆபர்ன் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆனாலும் மூன்றாமிடம், வாய்ப்பில்லை. 2014இல் நான்கு அணிகளின் ‘பிளேஆஃப்’, அதாவது பட்டத்துக்கான நாக்-அவுட், வந்தது. அந்த நான்கைப் பொறுக்கி எடுக்க ஒரு தேர்வுக்குழுவும் வந்தது.

என் ஆதங்கமெல்லாம் அந்தக் குழு 2023இல் செய்ததைப் பற்றித்தான். ஃபுளோரிடா ஸ்டேட் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர், ஜோர்டன் டிராவிஸுக்கு நவம்பர் 18 அன்று கால் முறிந்தது. அணி துவளவில்லை. மாற்று ஆட்டக்காரரை வைத்து ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியை வீழ்த்தினார்கள். அவருக்கும் அடிபட்டதால், 12 ஆட்டங்களுக்குப் பிறகு வரும், தங்கள் லீக்கான ஏ.சி.சி.யின் இறுதி ஆட்டத்தில் ஒரு முதலாண்டு மாணவரை இறக்கி லூயிவில்லை 16-6 என்று வென்றார்கள். 13 ஆட்டம், 13 வெற்றி. மறுநாள் பட்டியல் வந்தது: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. பின்னிரண்டும் தலா ஓர் ஆட்டம் தோற்ற அணிகள். ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாமிடம். என் கால் இன்னும் முன்னதாகவே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி என் ஒருவனால் மட்டும் ஆனதல்ல என்பதை எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று எழுதினார் டிராவிஸ். இருபத்து சொச்சம் வயதுப் பையன் அப்படி எழுத வேண்டி வந்ததே!

முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் கொள்ளலாம் என்று குழுவின் விதியிலேயே இருக்கிறது. உண்மைதான். அந்த விதியைத்தான் நான் எதிர்க்கிறேன். இனி எப்படி ஆடுவார்கள் என்ற ஊகத்தை, இதுவரை ஆடி வென்றதற்கு மேலே அது வைக்கிறது. ஊகம் எவ்வளவு பொய்க்கும் என்பதை 2014இலேயே பார்த்தோம். ஒஹாயோ ஸ்டேட் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை இழந்து, மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸை வைத்து அலபாமாவையும் ஓரிகானையும் வென்று பட்டத்தைத் தூக்கிச் சென்றது.

பிறகு ஆரஞ்சு பவுலில் ஃபுளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதே, குழு சொன்னது சரிதானே என்பார்கள். பட்டத்துக்கான வழி அடைபட்ட பிறகு முன்னணி வீரர்கள் பலர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை. அந்த ஸ்கோரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை.

2024 பருவத்தில் பிளேஆஃபில் 12 அணிகள் ஆயின. ஓரிகான் 13-0 என்று முதலிடத்தில் வந்து, பிளேஆஃப் ஆட்டமாக நடந்த ரோஸ் பவுலில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 41-21 என்று வீழ்ந்தது. வலித்திருக்கும். ஆனால் எங்களை ஆடவிடவில்லை என்று ஓரிகானில் ஒருவரும் சொல்ல முடியாது.

அந்த 12 இடங்களில் ஐந்துதான் லீக் சாம்பியன்களுக்கு உரியவை. மீதி ஏழை இன்னும் அறைக்குள் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்கிறார்கள். அந்த ஏழுக்கும் அளவுகோல் என்ன, எந்த வெற்றிக்கு எவ்வளவு மதிப்பு, எதிரணியின் பலத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதையெல்லாம் முதல் ஆட்டம் தொடங்குமுன் எழுதி வெளியிடட்டும். காயம்பட்டவர் பட்டியலை அதில் சேர்க்க வேண்டாம்.

நன்றி.