பானெட்டுக்குள் தண்ணீர் பீய்ச்சாதீர்கள்

அன்பான நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தக்கலைப் பக்கம் நெடுங்காலமாகக் கார் வயரிங் வேலை பார்த்து வருகிறேன். என்ன பேசலாம் என்று வானொலி நிலையத்தில் கேட்டபோது யோசிக்கவே இல்லை. பானெட்டுக்குள்ளே சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அதிலும் கூடுதல் லைட், பெரிய ஹார்ன், இஞ்சினுக்குக் காற்று வடிகட்டுகிற, மேல்பெட்டி இல்லாத ஓபன் ஏர் ஃபில்டர், பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் என்று உரிமையாளர் ஆசைப்பட்டு மாற்றம் செய்த கார்களைப் பற்றி. இப்போது நம் ஊரில் தெருவுக்கு ஒரு வண்டியாவது அப்படி நிற்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்கு அவசியம் கொஞ்சம் அதிகம். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம் என்று கடலை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள் காலையில் முன்கண்ணாடியைத் தடவிப் பாருங்கள், கை பிசுபிசுக்கும். அது உப்பு. அதே உப்பு பானெட்டுக்குள்ளும் படிகிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பைக் காயவே விடாது. போதாததற்கு, தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு இருப்பவர்களுக்கு வேறு தொல்லை. ரப்பர் இலை உதிர்கிற மாதங்களில், வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்புத் தட்டுக்குள் இலை அடைந்து, மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டை மூடிக்கொள்ளும். ஆரல்வாய்மொழிக் காற்றில் தினமும் ஓடுகிற வண்டிக்குப் புழுதி. ஆக, சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். சுத்தம் செய்யுங்கள், தண்ணீரை மட்டும் பீய்ச்சாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன்.

இடையில் ஒன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்பதை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டு மாட்டுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்கு அடிக்கடி போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. சரி, நம் விஷயத்துக்கு வருவோம்.

கம்பெனியிலிருந்து வருகிற வயரிங்கில், பானெட்டுக்குள் இருக்கும் கனெக்டர்களில் ரப்பர் சீல் வைத்திருப்பார்கள். வண்டி மழையில் ஓடும், ரோட்டுத் தண்ணீர் தெறிக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது அது. வாட்டர் சர்வீஸில் அடிக்கிற பிரஷர் கன்னின் வேகம் அந்தக் கணக்கில் சேராது. நம் டயரில் 32 பாயின்ட் காற்று அடிக்கிறோமே, அது 2 பார் அழுத்தத்துக்குச் சற்று மேல். பிரஷர் கன்னில் 100 பாரும் வரும், அதற்கு மேலும் வரும். கிட்டத்தில் பிடித்து அடித்தால் நல்ல சீலையும் தாண்டிவிடும். கம்பெனி வயரிங்குக்கே இந்தக் கதி என்றால், பின்னால் சேர்த்த வயரில் சீலே கிடையாது. இரண்டு வயரைச் சீவி, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். இஞ்சின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி, ஓரம் பிரிந்து நிற்கும். தண்ணீருக்கு அது போதும்.

கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவர், வளைகுடாவில் வேலை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தார். பழைய ஸ்விஃப்ட் கார், அவ்வளவு பிரியமாக வைத்திருந்தார். ஓபன் ஃபில்டர், இரட்டை ஹார்ன், ஃபாக் லைட், பின்னால் ஆம்ப்ளிஃபயர். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வண்டியைக் கழுவக் கொடுத்திருக்கிறார். கழுவுகிறவர் பானெட்டையும் திறந்து, பிரஷர் கன்னால் நன்றாக அடித்து, மேலே ஏதோ பாலிஷும் தெளித்துக் கொடுத்திருக்கிறார். பார்ப்பதற்குப் புது வண்டி. வீடு போய்ச் சேருமுன்பே இஞ்சின் மிஸ்ஸாக, அதாவது விட்டு விட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. மேடு ஏற இழுவை இல்லை. மீட்டரில் மஞ்சள் லைட். எப்படியோ வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ராத்திரி முழுக்க ஃபாக் லைட் தானாக எரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்த்துச் சொன்னாராம். “அண்ணாச்சி, கழுவத்தானே கொடுத்தேன், இப்படி ஆயிட்டே!” என்று போனில் சொன்னார். குரலே சரியில்லை. வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு வண்டி இப்படி நின்றால் யாருக்குத்தான் தாங்கும்?

முதலில் பிளக்குக்குத் தீப்பொறிக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயிலைக் கழற்றினேன். பிளக் உட்கார்ந்திருக்கும் குழி இருக்கிறது அல்லவா, டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு குழியில் பாதி வரை தண்ணீர். பழுப்பாக, துரு கலங்கி நிற்கிறது. ஆழமான குழி, துணி உள்ளே போகாது. ஊசி போடுகிற சிரிஞ்சில் சின்னக் குழாய் மாட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, காற்றடித்துக் காய வைத்தேன். பிளக்கைக் கழற்றுமுன் இதைச் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்தத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். மிஸ்ஸிங் நின்றது.

ஃபாக் லைட்தான் நேரத்தைத் தின்றது. லைட்டுக்குக் கரண்ட் விடுகிற ரிலே, சின்னச் சதுரப் பெட்டி. வயர் சொருகுகிற கால்கள் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி அதை மாட்ட வேண்டும். இந்த வண்டியில் மல்லாத்தி மாட்டியிருந்தார்கள். பீய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கிவிட்டது. அதனால்தான் ரிலே ஒட்டிக்கொண்டு லைட்டை அணைய விடவில்லை. அதோடு முடியவில்லை. ரிலேயிலிருந்து போகிற வயரில் டேப் சுற்றின ஒரு ஜாயின்ட். டேப்பைப் பிரித்தேன், செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. சரி, கொஞ்சம் வெட்டி எடுத்துவிடலாம் என்று இன்னும் ஒரு விரல் நீளம் சீவினேன். அங்கேயும் கறுப்பு. மேலும் சீவினேன், அங்கேயும் கறுப்பு. வயருக்குள் இருக்கிற மெல்லிய கம்பி இழைகளுக்கு நடுவே தண்ணீர் தானாகவே ஊர்ந்து போகும். வெளியே ரப்பர் உறை பளபளவென்று இருக்கும், உள்ளே செம்பு செத்துப் போயிருக்கும். இந்தக் களிம்பு அந்த ஒரு தடவை கழுவினதில் வந்தது இல்லை. முன்பு கழுவிய தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து மெல்ல மெல்லச் செய்த வேலை. அந்த வயர் முழுவதையும் மாற்றிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு வண்டி ஓடியது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வராது. வயர் போடுகிற தம்பிமார் கவனியுங்கள். எந்தப் பெட்டிக்குள்ளும் வயரை மேலிருந்து நேராக இறக்காதீர்கள். பெட்டிக்குக் கீழே கொஞ்சம் தொங்க விட்டு, பிறகு மேலே ஏற்றிச் சொருகுங்கள். வீட்டு மொட்டைமாடியில் கரண்ட் வயர் வருகிற இரும்புக் குழாயின் தலையைக் குடைக்கம்பு மாதிரி கீழ்நோக்கி வளைத்திருப்பார்களே, அதே காரணம்தான். தண்ணீர் வயர் வழியே இறங்கி, தொங்குகிற இடத்தில் சொட்டிவிடும், உள்ளே போகாது. காசு செலவில்லாத வேலை. இதைச் செய்யாமல் விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. எர்த் வயரும் அப்படித்தான். பாடியில் பெயின்டைச் சுரண்டி போல்ட் போட்டிருப்பார்கள், கடற்காற்றில் முதலில் துரு பிடிக்கிற இடம் அது. முறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் பூசிவிடுங்கள்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது?

இஞ்சின் ஆறட்டும். கை வைத்தால் லேசான சூடு, அதற்கு மேல் வேண்டாம். இஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும், அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், கையைத் தூர வையுங்கள்.

எதையும் தொடுமுன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். நெகட்டிவ் முதலில், எப்போதும் நெகட்டிவ் முதலில். பாசிட்டிவில் ஸ்பேனர் போட்டுத் திருகும்போது அது பாடியில் இடித்தால் தீப்பொறி பறக்கும், நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பேட்டரியிலிருந்து பின்னால் போகிற தடித்த வயரில் ஃப்யூஸ் இருக்கிறதா? பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கிறதா? இல்லையென்றால், சுத்தம் செய்வதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். அந்த வயர் எங்காவது உரசித் தேய்ந்தால் வண்டியே எரிந்துவிடும்.

ஓபன் ஃபில்டரைப் பாலித்தீன் கவரால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஃப்யூஸ் பாக்ஸ், பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்நேட்டர், ரிலே, இஞ்சினுக்கு மூளையாக இருக்கிற இ.சி.யூ. பெட்டி, இவற்றையும் மூடுங்கள். மூடியிருப்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டி வையுங்கள். ஃபில்டரில் கவரோடு இஞ்சினை ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு.

முதலில் ஈரமே வேண்டாம். பழைய பெயின்ட் பிரஷ்ஷில் தகரப் பட்டை தெரிகிற இடத்தில் டேப் சுற்றிக்கொண்டு, புழுதியையும் இலையையும் தட்டி எடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பிறகு ஒரு வாளியில் கொஞ்சம் கார் ஷாம்பு, பனியன் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கடையில் கிடைக்கும் டீகிரீசரைத் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷில் எடுத்துத் தேயுங்கள், இஞ்சின் மேல் தெளிக்க வேண்டாம். கடுமையான டீகிரீசர் அலுமினியத்தை வெளிறச் செய்துவிடும், காயவும் விடாமல் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்று துடைக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், துடைத்துவிட்டால் தடயம் போய்விடும்.

பெட்ரோல் ஊற்றித் துடைக்கிற பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தங்கி நிற்கும், ஒரு பொறி போதும். மண்ணெண்ணெயும் டீசலும் ரப்பர் ஹோஸ்களை ஊத வைக்கும், அவற்றுக்கும் தீ பிடிக்கும். பிரேக் ஆயில் டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் சேரச் சேர அந்த அளவு இறங்கிக்கொண்டே வரும். பேச்சிப்பாறைப் பக்கம் இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதித்து வருகிறவர்களுக்கு அது ஆபத்து, ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் போகும்.

கழுவிய அழுக்குத் தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். ஆற்றுக்கடவில் வண்டியை இறக்கிக் கழுவுவதும் வேண்டாம். பழையாறும் குழித்துறை ஆறும் நாம் குளிக்கிற தண்ணீர்.

எலியைப் பற்றியும் பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளைப் பொடியைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, துடைத்து, வாஸ்லின் பூசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஆசிட் இருக்கும். எலிக்குப் பானெட்டுக்குள் கற்பூரம் வைக்காதீர்கள், அது எரிகிற பொருள். பளபளப்புக்குத் தெளிக்கிற பாலிஷ் பெல்ட்டில் படக் கூடாது, வழுக்கும். எல்லாம் காய்ந்த பிறகு கவர்களை எடுங்கள், நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள், பானெட் திறந்தபடியே பத்து நிமிடம் இஞ்சினை ஓட விட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.