தாய்ப்பால் போதாதபோது: பார்முலா அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தாய்ப்பால் கொடுப்பது கடினமாகும்போது குழந்தைக்குக் கைகொடுப்பது தாயின் விடாமுயற்சியா, தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தயாரித்து டப்பாவில் வரும் பார்முலா பாலை முறையறிந்து தருவதா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு அமர்ந்தார். குழந்தை அழுதாலே பால் போதவில்லை என்று முடிவு கட்டுகிறோம் என்றார். டப்பாவைத் திறந்தால் தாய்ப்பால் வற்றிவிடும் என்றார். பால் பவுடரில் கிருமி இருக்கிறது என்றார். மூன்றிலும் உண்மை இருக்கிறது, நடுவர் அவர்களே. அந்த உண்மைகளைக் கொண்டே எங்கள் பக்கத்தை நிறுவப் போகிறேன்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் தலைப்பில் "கடினமாகும்போது" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எதிரணி கண்டுகொள்ளவே இல்லை.

அழுகைக்கு வருகிறேன். சாயங்கால வேளையில் குழந்தை விடாமல் பால் கேட்டு அழுவது இயல்பு. அதை வைத்து டப்பா வாங்க ஓடக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எதைப் பார்ப்பது? எடையையும் டயப்பரையும் பார்ப்பது. பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் எடை குறையும். 3 கிலோவாகப் பிறந்த குழந்தை 2.7 கிலோவுக்கு இறங்கிவிட்டால், அது பத்து சதவீதம். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும், மலம் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகும் டயப்பரில் செங்கல் நிறத்தில் கறை தெரிந்தால், உள்ளே போகும் பால் போதவில்லையோ என்று உடனே பார்க்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அழுகிற குழந்தையைவிட அழாத குழந்தையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பால் போதாத குழந்தைக்குச் சோர்வு வரும், தூங்கிக்கொண்டே இருக்கும், மார்பில் வைத்தால் இரண்டு முறை சப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் "சமத்துக் குழந்தை, வயிறு நிறைந்துவிட்டது" என்பார்கள். அந்தத் தூக்கம் பசியின் தூக்கமாக இருக்கலாம். அங்கே விடாமுயற்சியைக் காட்டி இன்னும் இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னால் உடலில் நீர் வற்றும், மஞ்சள் காமாலை ஏறும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்.

எல்லாத் தாய்க்கும் முயன்றால் பால் சுரந்துவிடும் என்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சுரக்கும், குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைத் திருத்தினாலே பாதிச் சிக்கல் தீரும். ஆனால் மார்பில் அறுவை சிகிச்சை நடந்தவர், பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போய்ப் பால் சுரப்பைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டவர், தைராய்டு சுரப்பு குறைந்தவர், பால் சுரக்கும் திசுவே போதுமான அளவு வளராதவர், நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கிவிட்டவர் இவர்களெல்லாம் இருக்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் சிலருக்குப் பால் கூடும். சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் முழு அளவு வராது. அந்தத் தாயிடம் "உன் முயற்சி போதவில்லை" என்று சொல்ல எதிரணிக்கு மனம் வருமா?

அடுத்து, டப்பாவைத் திறந்தால் தாய்ப்பால் வற்றிவிடும் என்ற வாதம். ஏன் வற்றுகிறது? மார்பிலிருந்து பால் வெளியேறினால்தான் அடுத்த பால் சுரக்கும். தேங்கினால் சுரப்பு தானே குறையும். முழு வயிற்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துவிட்டு அந்த வேளை மார்பைச் சும்மா விட்டால் வற்றத்தான் செய்யும். எனவே முறை இது. முதலில் மார்பில் வையுங்கள். பிறகு குறைகிற அளவுக்கு மட்டும் ஊட்டுங்கள். முதலில் ஊட்ட வேண்டியது பீய்ச்சிய தாய்ப்பால். அது இல்லையென்றால், மற்றத் தாய்மார் தானமாகத் தந்து பால் வங்கியில் இருக்கும் தாய்ப்பால். அதுவும் கிடைக்காவிட்டால் பார்முலா. ஊட்டி முடித்ததும் கையாலோ பம்பாலோ பாலைப் பீய்ச்சுங்கள். மார்பில் வைப்பதும் பீய்ச்சுவதும் சேர்ந்து இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு முறைக்குக் குறையாமல், இரவில் ஒரு முறையாவது நடக்க வேண்டும்.

அளவும் சிறியதுதான். முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. நான்காம் நாள் 30 முதல் 60. முதல் நாளிலேயே 60 மில்லி புகட்டினால் குழந்தை அடுத்து வெகு நேரம் மார்புக்கு வராமல் போகலாம். முழுக்க பார்முலாவையே நம்பியிருக்கும் குழந்தைக்கு, முதல் வாரம் கடந்தபின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600. எட்டு வேளையாகப் பிரித்தால் 75. இது தோராயக் கணக்குதான். குழந்தை தலையைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும், புட்டியைக் காலி செய்தே தீர வேண்டும் என்று அழுத்தக் கூடாது. குறைந்த அளவு என்றால் சங்கு, சிறு கிண்ணம், கரண்டி போதும். புட்டி என்றால் குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிடைமட்டமாக வைத்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள். புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு நகரவே கூடாது, புரையேறும்.

இனி மூன்றாவது, கிருமி. நடுவர் அவர்களே, இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். மூடி திறக்காத டப்பாவில்கூடப் பவுடர் கிருமி முற்றிலும் நீங்கியது அல்ல. குரோனோபாக்டர், சால்மோனெல்லா இரண்டும் இருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது. அந்தச் சூடுதான் பவுடரில் இருக்கும் கிருமியைக் கொல்கிறது. கொதிக்க வைத்து முழுக்க ஆறவிட்ட தண்ணீர் சுத்தமான தண்ணீர்தான், ஆனால் அது பவுடரைச் சுத்தமாக்காது. கொதித்த பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடக் கூடாது. அதுவும் ஒரு லிட்டர் தண்ணீருக்கான கணக்கு. ஒரு டம்ளர் தண்ணீர் அதற்கு வெகு முன்பே ஆறிவிடும். சில டப்பாக்களில் இதைவிடக் குறைந்த சூடு போட்டிருக்கும். குறைமாதக் குழந்தை, இரண்டு மாதம் நிறையாத குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை என்றால் அங்கே மருத்துவரிடம் கேளுங்கள்; கிருமி நீக்கிய திரவப் பார்முலா கிடைத்தால் அவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புட்டி, காம்பு, மூடி எல்லாவற்றையும் பிரித்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீரில் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். காம்பின் உள்ளே பால் கொழுப்பு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் கொதிக்க வைப்பதில் பயனில்லை. பிறகு புட்டியில் முதலில் தண்ணீர், அதன் பிறகே பவுடர். பவுடரைப் போட்டுவிட்டு 60 மில்லி கோடு வரை தண்ணீர் ஊற்றினால், பவுடர் அடைத்த இடம் போகத் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகிவிடும். புட்டியைச் சமமான இடத்தில் வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து கோட்டைப் பாருங்கள். டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியான ஸ்கூப்பில் பவுடரை அமுக்காமல் எடுத்து, கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். கலந்த புட்டியை மூடியோடு குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து ஊட்டுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் வாய் வெந்துபோகும் சூடு இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் தீராத பாலைக் கொட்டிவிடுங்கள்.

ஸ்கூப் எல்லா டப்பாவிலும் ஒன்றல்ல. ஒன்றில் 30 மில்லிக்கு ஒரு ஸ்கூப், இன்னொன்றில் 60-க்கு. பழைய டப்பாவின் ஸ்கூப்பைப் புது டப்பாவில் போட்டால் கணக்கே மாறும். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று ஒரு ஸ்கூப்பைக் குறைத்தால், வயிறு நிறையும், உடம்பு தேறாது; நாள்போக்கில் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். எடை ஏறட்டும் என்று ஒரு ஸ்கூப் கூட்டினால் சோடியம் ஏறும், மலம் இறுகும், குழந்தைக்குத் தாகம் எடுக்கும். தாகத்தில் அழுவதைப் பசி என்று எண்ணி மறுபடி அதே கெட்டிப் பாலையே கொடுப்பார்கள். பார்முலாவால் வந்தது என்று எதிரணி காட்டும் கேடுகளில் எத்தனை இப்படி ஸ்கூப்பில் பிறந்தவை!

எந்த டப்பா? பசும்பால் அடிப்படையில், இரும்புச் சத்து சேர்த்து, முதல் நிலை என்று போட்டது. அவ்வளவுதான். எந்தச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரம் இருக்கிறது. விலை உயர்ந்த டப்பா குழந்தையை அறிவாளியாக்காது. வாயு, பச்சை மலம் என்று மூன்று நாளுக்கு ஒரு டப்பா மாற்ற வேண்டாம். மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, படை இருந்தால் பால் புரத ஒவ்வாமையா என்று மருத்துவர் பார்த்து, புரதத்தை நன்றாக உடைத்த பார்முலாவை எழுதித் தருவார். ஆட்டுப்பால் பார்முலா அதற்கு மாற்றல்ல. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு வயது வரை வேண்டாம். தாய்ப்பாலைவிடப் புரதம் இரண்டு மடங்குக்கும் மேல், இரும்பு மிகக் குறைவு. தண்ணீர் ஊற்றினால் புரதத்தோடு சத்தும் சேர்ந்து குறையும்.

கடைசியாக, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பது பற்றிய 1981-ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறையை எதிரணி காட்டியது. விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது என்று அது சொல்வதை நாங்களும் வரவேற்கிறோம். அதே நெறிமுறையின் ஆறாவது பிரிவையும் படித்திருக்க வேண்டும். பார்முலா கலக்கும் முறையைச் சுகாதாரப் பணியாளர் செய்துகாட்ட வேண்டும், தேவைப்படும் தாய்க்கும் குடும்பத்துக்கும் மட்டும் காட்ட வேண்டும், தவறாகப் பயன்படுத்தினால் வரும் ஆபத்தையும் விளக்க வேண்டும் என்கிறது அது. அங்கே தடை இல்லை, கற்றுக்கொடுக்கும் கடமை இருக்கிறது. பார்முலா தேவைப்படும் தாயை, ஒரு வேளைப் பாலைத் தன் கையாலேயே கலந்து காட்டவைத்து, தப்பைத் திருத்தி, அதன் பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நடுவர் அவர்களே, தீர்ப்பில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.