எறும்பு ஊரக் கல்லும் தேயும்

(மலையேற்ற ஆர்வலர்களின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற வன அலுவலர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் நிலவியல் பேராசிரியர் அம்மா அவர்களே, என்னை இல்லாத பெருமையெல்லாம் சொல்லி வரவேற்ற செயலாளர் அவர்களே, பூட்ஸ் காலோடு பின்வரிசையை நிறைத்திருக்கும் இளைஞர் பட்டாளமே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது என்று வரவேற்புரையில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. சென்ற ஆண்டு அவரோடு ஒரு மலை ஏறினேன். அவர் மேலே போய்த் தேநீர் குடித்து, பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். வன அலுவலர் ஐயா முன்னால் நான் காட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. பேராசிரியர் அம்மா முன்னால் பாறையைப் பற்றிப் பேசுவதும் அப்படித்தான். இருந்தாலும் மைக் என் கையில் இருக்கிறது.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். எரிமலை ஏரி எப்படி உண்டாகிறது, அதைச் சுற்றிக் காடு எப்படி வருகிறது, அந்தக் காட்டுக்குள் நாம் எப்படி நடக்கவேண்டும். இம்மூன்றையும் கட்டுகிற கயிறு ஒரு பழமொழி. என் பேச்சை முன்பே கேட்டவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். ஆமாம், அதே பழமொழிதான்: எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

முதல் செய்தி. எரிமலை வயிற்றில் இருப்பதையெல்லாம் கக்கித் தீர்த்ததும் அடியில் தாங்க ஒன்றுமில்லாமல் அதன் உச்சி உள்ளே சரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மசாமா என்ற மலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் சரிந்தது. அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் நிறைந்ததுதான் இன்றைய கிரேட்டர் லேக். ஆழம் 594 மீட்டர். ஓர் ஆறும் அதில் வந்து சேருவதில்லை, ஓர் ஆறும் அதிலிருந்து புறப்படுவதுமில்லை. வானம் கொடுத்த தண்ணீர் மட்டும்தான். அதனால்தான் அந்த நீலம்!

இன்னொரு வகை, மேலே வரும் பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் வெடித்துக் கிண்ணம்போலப் பள்ளம் பறித்துவிடுவது. ஜெர்மனியின் ஐஃபெல் மலைநாட்டில் இதற்கு மார் என்று பெயர். டௌன் என்ற ஊருக்குப் பக்கத்தில் மூன்று மார்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். அதே ஐஃபெலில் லாகர் ஏரி என்று பெரிய எரிமலை ஏரி ஒன்று. அதன் கிழக்குக் கரையில் நின்றால் தண்ணீரிலிருந்து குமிழி குமிழியாகக் கரியமில வாயு வருவதைப் பார்க்கலாம். அடுப்பு அணைந்து சுமார் 13,000 ஆண்டுகள் ஆகியும் பானை இன்னும் முணுமுணுக்கிறது. இந்தக் குமிழியை விளையாட்டாக நினைத்துவிடாதீர்கள். கேமரூனில் நியோஸ் என்ற ஏரி, 1986 ஆகஸ்ட்டில் ஒரே இரவில் இதே வாயுவை மொத்தமாக வெளியே விட்டது. 1,700 பேருக்கு மேல் மூச்சடைத்து இறந்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் உள்ள லோனார் ஏரியும் எரிமலை ஏரிதானே என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். இல்லை தம்பி. சுற்றிலும் எரிமலைப் பாறை இருப்பதால் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். அது விண்கல் விழுந்த பள்ளம்.

சரி, காட்டுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். இந்த அரங்கில்தான் இருக்கிறார், மூன்றாவது வரிசையில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது மாதிரி பாவனை செய்கிறார். அவரோடு ஓர் எரிமலை ஏரிக்குப் போயிருந்தேன். எந்த ஏரி என்பது வேண்டாம், அங்குள்ளவர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். விளிம்பில் நின்றால் ஏரி கீழே தட்டு மாதிரி தெரிகிறது. பாதையோ வளைந்து வளைந்து இறங்குகிறது, கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் பதினொன்று. நண்பர் எண்ணிப் பார்த்தார். "இதோ ஏரி, இதோ நான். நடுவில் எதற்கு இத்தனை கோலம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நாலாவது வளைவிலிருந்து நேராகக் காலை வைத்துவிட்டார்.

அது நுரைக்கல்லும் சாம்பலும் கலந்த சரிவு. மேலே பாசியும் புல்லும் மெல்லிய போர்வைபோலப் படர்ந்திருந்தன. முதல் அடிக்குப் போர்வை கிழிந்தது. இரண்டாவது அடி கிடைக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே சறுக்கினார். வலது கால் ஷூ கழன்று அவருக்கு முன்னால் போனது. ஷூவுக்கு முன்னால் கற்கள் போயின. கீழ் வளைவில் ஒரு மூதாட்டி கைத்தடி ஊன்றி ஏறி வந்துகொண்டிருந்தார். கற்கள் அவர் பக்கத்தில் விழுந்தன, நல்லவேளை, மேலே படவில்லை. ஷூ மட்டும் நேராகப் போய் அவர் காலடியில் நின்றது. அந்த அம்மா திட்டவில்லை. ஷூவை எடுத்து, உள்ளே இருந்த மண்ணைத் தட்டிக் கொட்டி, பாதை ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டு, நண்பர் வந்து சேரும்வரை காத்திருந்தார். பிறகு அவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். போய்விட்டார். நண்பர் இன்றைக்கும் சொல்வார், "நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாகத் தூங்கியிருப்பேன்" என்று. கால்சட்டை கிழிந்த கதையை அவர் மனைவி எனக்கு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். அது இங்கே வேண்டாம்.

கதை இதோடு முடியவில்லை. மாலையில் திரும்பி ஏறும்போது அதே இடத்தில் மூன்று பிள்ளைகள் நிற்கிறார்கள். நண்பர் சறுக்கிய தடம் பழுப்பாக, பளிச்சென்று தெரிகிறது. ஒரு பையன் சொல்கிறான்: "இங்கே ஒரு வழி இருக்குடா!" கேட்டீர்களா? காலையில் விபத்து, மாலையில் வழி. அடுத்த ஆண்டு அதே ஏரிக்குப் போனபோது அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். அதன் ஓரத்தில் ஒரு மரம், பாதி வேர் வெளியே தெரிய, பல் இளித்துக்கொண்டு நின்றது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், எண்பது கிலோ எறும்பு ஊர்ந்தால் சாம்பல் மண் என்ன ஆகும்?

பாதை போடுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. மலைச்சரிவு எவ்வளவோ, பாதையின் சரிவு அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. போனால் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து இறங்காது, பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். நண்பர் கோலம் என்று சொன்னாரே, அந்தக் கோலம் நமக்காகப் போட்டதல்ல, தண்ணீருக்காகப் போட்டது. கிரேட்டர் லேக்கில் கரைக்கு இறங்கப் போட்ட பாதை ஒன்றே ஒன்றுதான். 210 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் சுற்றவேண்டும். அதே ஏரியில் ஒரு பட்ட மரக்கட்டை செங்குத்தாக மிதக்கிறது. 1896 முதலே அதைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. 1938இல் கணக்கெடுத்தபோது மூன்று மாதத்தில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அலைந்திருந்தது. மரக்கட்டைக்கு இருக்கிற பொறுமை நமக்கு வேண்டாமா?

செருப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். நியூசிலாந்தில் கௌரி என்ற மாபெரும் மரத்தை ஒரு நுண்ணுயிர் வேரிலிருந்து கொல்கிறது. அது மண்ணோடு மண்ணாக நம் ஷூவின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போகிறது. அதனால் பாதை வாசலிலேயே பிரஷும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள், சில பாதைகளை மூடியும்விட்டார்கள். அதே நாட்டில் டோங்காரிரோ மலையைக் கடக்கும் பாதையில் மரகதப் பச்சையில் ஏரிகள் இருக்கின்றன. அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மக்களுக்கு அந்த நீர் புனிதம், தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கரைவரை நடந்து, குனிந்து, கை நனைக்காமல் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அப்படித் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது சீட்டு இது. முதல் சீட்டைப் படிக்காததுபோல மடித்து வைத்துக்கொண்டேன், மன்னிக்கவேண்டும். சாம்பலில் முதலில் பாசி வந்து, புல் வந்து, அப்புறம் மரம் வருகிற கதையைச் சொல்வதாகச் சொன்னேன். அதை வன அலுவலர் ஐயா தேநீர் இடைவேளையில் என்னைவிட நன்றாகச் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாசலில் மேசைமேல் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இரண்டே வரி: "வளைவில் குறுக்கே இறங்கமாட்டேன். ஷூவைத் துடைக்காமல் வேறு காட்டுக்குள் நுழையமாட்டேன்." விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு பழைய பிரஷ் இருக்கும், அதை எடுத்துப்போகாதீர்கள், என்னுடையது. முதல் கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. யாருடையது என்று மூன்றாவது வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.