வண்டி ஆசாரியின் காது

நேயர்களுக்கு வணக்கம். என் அப்பாவைப் பற்றிப் பேசச் சொல்லி 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா காலையில் பட்டறைக்கு வந்து மரம் செதுக்குகிற வாச்சியைத் தீட்டி முடிப்பதற்கே அந்த நேரம் பத்தாது. சரி, முடிந்தவரை பார்ப்போம்.

அப்பா மாட்டுவண்டி செய்கிற ஆசாரி. எங்கள் ஊர் மணப்பாறைக்குப் பக்கம். மணப்பாறை என்றதும் உங்களுக்கு முறுக்கு ஞாபகம் வரும். எங்களுக்கு மாட்டுச் சந்தை. சந்தையில் மாடு பிடித்தவர்கள், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் பட்டறைக்கு வந்து வண்டிக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரில் அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டி ஆசாரி, அவ்வளவுதான். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வும் பெற்றாயிற்று; இன்றைக்கும் ஊருக்குப் போனால் 'வண்டி ஆசாரி மகன் வந்திருக்கான்' என்றுதான் சொல்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் மரச்சக்கர வண்டி போகிற சத்தத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். லொடக்... லொடக்... அச்சில் மாட்டியிருக்கிற சக்கரம் இப்படியும் அப்படியுமாக அசைந்து, ஒரு தடவை கடையாணியில் இடிக்கும், ஒரு தடவை உள்பக்கம் இடிக்கும். அந்தச் சத்தம்தான். நமக்கு எல்லா வண்டியும் ஒரே மாதிரி கேட்கும். அப்பாவுக்கு அப்படி இல்லை. ராத்திரி திண்ணையில் படுத்திருப்பார். தூரத்தில் ஒரு வண்டி போகும். கண்ணைத் திறக்காமலே, 'மேலத்தெரு வண்டி. வலப்பக்கத்துக்கு மை காஞ்சு போச்சு. சொல்லணும்' என்பார். மை என்றால் எழுதுகிற மை இல்லை. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குப் போடுவது. ஒரு மூங்கில் குழாயில் வண்டிக்கு அடியிலேயே தொங்கும். காலையில் மேலத்தெருக்காரர் டீக்கடைக்கு வருகிறபோது அப்பா அவரைப் பிடித்துச் சொல்லிவிடுவார். அவர் வலப்பக்கம் பார்த்தால், சொன்னது சரியாக இருக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பா கண்ணைவிடக் காதைத்தான் நம்பினார். மரம் வாங்கப் போனால் தட்டிக் கேட்பார். சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற ஆரக்காலை இறக்கும்போது கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், விழுகிற சத்தம் மாறுகிற இடத்தில் நிறுத்திவிடுவார். வீட்டில் அவர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. நாங்கள் ஐந்து பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளும்போதுகூட, 'கொஞ்சம் மெதுவாடா, மரம் பேசுறது கேக்கல' என்பதோடு சரி.

பட்டா போடுகிற நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலத்துப் பட்டா அல்ல. சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற இரும்பு வளையம். எங்கள் பக்கத்துச் சக்கரத்தில் நடுவே அச்சு நுழைகிற குடம், அதிலிருந்து 12 ஆரக்கால், சுற்றிலும் 6 வட்டை. வட்டை என்பது வில் மாதிரி வளைந்த கட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு ஆரக்கால் போய் இறங்கும். வட்டைக்கும் வட்டைக்கும் நடுவே அப்பா ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார். பார்க்கிறவர்கள் வேலை சுத்தமில்லை என்று நினைப்பார்கள். இரும்பு வளையத்தையோ சக்கரத்தின் சுற்றளவைவிட ஒரு விரற்கடை குறைவாகத்தான் அடித்து வைத்திருப்பார். அப்படியே மாட்டினால் ஏறாது.

வறட்டியை வட்டமாக அடுக்கி, அதன் மேல் வளையத்தைப் படுக்க வைத்து, அதற்கு மேலேயும் வறட்டி மூடித் தீ வைப்பார்கள். வளையம் பழுத்துச் சிவந்து விரியும். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொரு குறடால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தரையில் படுத்திருக்கிற சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் குப்பென்று பற்றிக்கொள்ளும். சுற்றிவந்து சம்மட்டியால் தட்டுவார்கள். உடனே 'தண்ணி' என்று அப்பா ஒரே ஒரு சொல். அம்மாவுக்கு இரண்டு குடம், அக்காவுக்கு ஒரு குடம், எனக்கு ஒரு பித்தளைச் செம்பு. நான் ஊற்றுகிற ஒரு செம்புத் தண்ணீரால்தான் சக்கரமே நிற்கிறது என்று பத்து வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகையும் ஆவியுமாக எழும்பி அடங்கும். அப்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அம்மா இருமக்கூட மாட்டாள். அப்பா சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்பார். இரும்பு சுருங்கி இறுக்க இறுக்க, அந்த இடைவெளிகள் ஒவ்வொன்றாக மூடும். டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். 6 வட்டைக்கு 6 இடைவெளி. எனக்கு நாலு சத்தம்தான் கேட்கும். அப்பாவுக்கு ஆறும் கேட்கும். ஆறாவது கேட்டதும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'சோறு போடு' என்பார். ஐந்தோடு நின்றுவிட்டால் அன்றைக்கு எங்கள் யாருக்கும் சோறு இல்லை என்று அர்த்தம். அதாவது, தாமதமாகும் என்று.

சக்கரம் தட்டையாக இருக்காது, தாம்பாளம் மாதிரி கொஞ்சம் குழிந்திருக்கும், அதற்கும் ஒரு காரணம் உண்டு. அது படம் போட்டுக் காட்டினால்தான் விளங்கும். வானொலியில் வேண்டாம்.

இப்போது நான் சொல்லப்போவதை என் மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்பார்கள். புறநானூற்றில் 87ஆவது பாட்டு. நாலே வரி. அதியமானைப் பற்றி ஔவையார் பாடியது. சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு; அதற்குள் போனால் நேரம் போய்விடும். பகைவர்களைப் பார்த்துச் சொல்கிறாள்: களத்துக்குள் வராதீர்கள், எங்களிடம் ஒரு வீரன் இருக்கிறான். அவன் எப்படிப்பட்டவன் தெரியுமா? தினமும் எட்டுத் தேர் செய்கிற தச்சன், ஒரு மாதம் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

புலவர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு வந்து அப்பாவிடம் இந்தப் பாட்டைச் சொன்னேன். உச்சி குளிர்ந்து போவார் என்று நினைத்தேன். அவர் உளியைக் கீழே வைத்தார். 'நாளைக்கு எட்டா?'

'ஆமாப்பா.'

'தேருக்கு ரெண்டு சக்கரம்னே வச்சுக்க. நாளைக்குப் பதினாறு. மாசத்துக்கு நானூத்தி எண்பது. எத்தன ஆள் வச்சிருந்தானாம்?'

'அது பாட்டுல இல்லப்பா.'

'முக்கியமானத விட்டுட்டுல்ல பாடியிருக்கு.'

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு. 480 சக்கரத்துக்கு ஆகிற உழைப்பையெல்லாம் ஒரே சக்கரத்தில் போட்டால் அது எவ்வளவு உறுதியாக இருக்கும், அதுதானப்பா உவமை என்று விளக்கினேன். அவர் தலையாட்டவில்லை. 'அவ்வளவு வேகமா செய்யத் தெரிஞ்சவன் ஒரு சக்கரத்துல ஒரு மாசம் என்னத்தப் பண்ணுவான்? இழைச்சுக்கிட்டே இருந்தா சக்கரம் ஈர்க்குச்சியாப் போயிரும்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது. ஒரு விவசாயி, தை அறுவடைக்கு வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்தினார். கருவேல மரத்தைக் கண்மாய்ச் சேற்றில் ஊறப்போட்டு, எடுத்து, நிழலில் காயவைப்பது வழக்கம். அந்த மரம் காயவில்லை. அப்பாவுக்கும் தெரியும். அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம், பணம் தேவைப்பட்டது. செய்து கொடுத்துவிட்டார். பட்டா போட்ட அன்றைக்கு ஆறு சத்தமும் கேட்டது என்றுதான் சொன்னார். பொய் சொன்னாரா என்று தெரியாது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கி, இரும்பு தளர்ந்து, நெல் மூட்டையோடு வாய்க்கால் மேட்டில் சக்கரம் அப்பளம் மாதிரி விரிந்துவிட்டது. நல்லவேளை, மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பா நடந்தே அங்கே போனார். சக்கரத்தை உருட்டிக்கொண்டு வர முடியாதே, அது சக்கரமாகவே இல்லையே. துண்டுகளைக் கயிற்றால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். ஊரார் எல்லாரும் பார்க்கும்படியாகத்தான் வந்தார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், புதுச் சக்கரமும் சும்மா செய்து கொடுத்தார். உடைந்ததில் ஒரு ஆரக்காலை மட்டும் பட்டறைக் கூரையின் எரவாணத்தில் செருகி வைத்தார். இரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் வீட்டில் இருந்த விறகெல்லாம் நனைந்துவிட, அம்மா அதை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள். எங்களுக்கெல்லாம் பயம். அப்பா சாப்பிட உட்கார்ந்தார். எரவாணத்தைப் பார்த்தார். 'நல்லா எரிஞ்சுதா?' என்று கேட்டார்.

'எரிஞ்சுதுங்க.'

'புகஞ்சுதா?'

'இல்லீங்க.'

'அப்பக் காஞ்சிருச்சு' என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். அன்று ராத்திரி திண்ணையில் இருவரும் படுத்திருந்தோம். நான் தூங்கியே விட்டேன். 'தம்பி, தம்பி' என்று எழுப்புகிறார். என்னவோ ஏதோ என்று பதறி எழுந்தால், 'அவன் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டான்டா' என்கிறார்.

'யாருப்பா?'

'அந்த ஆசாரிதான். ஒரு மாசமும் செஞ்சுக்கிட்டா இருப்பான்? மரத்தப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருப்பான். காயணும்ல.'

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. பாட்டில் 'வலித்த' என்று ஒரு சொல் வருகிறது. பழைய உரையில் அதற்குக் கருதிச் செய்த என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். கருதுவது என்றால் நினைப்பது. கை வேலை செய்யாத நேரமும் அதில் சேரும் அல்லவா? வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் அச்சிட்ட உரையைச் சொல்லிவிட்டு வண்டி ஆசாரி உரையையும் சொல்லுவேன். தேர்வில் மட்டும் எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போட மாட்டார்கள் என்றும் சொல்லுவேன். இரண்டு பேர் எழுதிவிட்டார்கள்.

அப்புறம் டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது. அப்பா அதையெல்லாம் திட்டவில்லை. மாட்டுக்கு இழுக்கச் சுலபமாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். கதவு, கட்டில் என்று வேலையை மாற்றிக்கொண்டார். 'ராத்திரி யாரு போறாங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது' என்பார், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம் என்று நினைக்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்த மூன்று மாதம் அப்பா அவளைப் பார்த்துக்கொண்டதைச் சொல்ல நினைத்திருந்தேன். கட்டிலில் அவள் சாய்ந்து உட்கார ஒரு சாய்மானம் செய்தார், அதை ஏழு தடவை பிரித்துப் பிரித்துச் சரி செய்தார். நேரமில்லை, விடுகிறேன்.

நடைவண்டியை மட்டும் சொல்லிவிடுகிறேன். பட்டினப்பாலையில் குழந்தைகள் உருட்டுகிற 'முக்காற் சிறுதேர்' வருகிறது, மூன்று சக்கரம் வைத்தது. எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அப்பா அந்த மாதிரி நடைவண்டி செய்து கொடுத்தார், காசு வாங்கியதில்லை. கடைசியாகச் செய்தது என் மகளுக்கு. இப்போது சென்னையில் இரண்டாவது மாடி வீட்டில் அவள் மகன் அதைத் தள்ளிக்கொண்டு திரிகிறான். டைல்ஸ் தரை. கிறீச், கிறீச் என்று சத்தம். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் எண்ணெய்ப் புட்டியை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். கொடுக்கும்போதே அப்பா சொல்லியிருந்தார்: 'எண்ணெ போட்டுறாத. சத்தம் இருந்தாத்தான் புள்ள எங்க போகுதுன்னு அடுப்படில இருக்கறவளுக்குத் தெரியும்.'

கீழ் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.